திருகோணமலையிலிருந்து முந்திரிகைப் பந்தல்வரை: பதினான்கு பேரோடு வான் வண்டியில் கரையோரப் பயணம்

எங்கள் குடும்பம் இந்தப் பயணத்தை இரண்டு முறை போயிருக்கிறது. 2023 ஆகஸ்டில் போனது சண்டையில் முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் போனதை இன்றும் பெரியம்மா கலியாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பாதை இதுதான்: திருகோணமலை, நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, முல்லைத்தீவு, பரந்தன், யாழ்ப்பாணம். திரும்பும்போது வவுனியா, ஹொரவப்பொத்தானை வழி. தலைப்பிலுள்ள முந்திரிகை என்பது திராட்சை; அந்தப் பந்தல்கள் யாழ்ப்பாணத்தில். உடுப்பு எத்தனை எடுப்பது, யாருக்கு ஜன்னலோரம் என்பதெல்லாம் உங்கள் வீட்டு விவகாரம். அதற்குள் நான் வரவில்லை.

1. முதலில் மாதம், பிறகு வான்

எல்லோரும் வானைப் பிடித்துவிட்டுத்தான் நாளைப் பார்க்கிறார்கள். இந்தப் பக்கத்துக் கடல் மே முதல் செப்டெம்பர்வரை அமைதியாக இருக்கும். வாடை (வடகீழ்ப் பருவக்காற்று) தொடங்கிவிட்டால் நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவுக்குப் படகு ஓடுவது சந்தேகம். ஆனால் கொக்கிளாய்ச் சரணாலயத்துக்கும் சுண்டிக்குளத்துக்கும் வலசைப் பறவைகள் வருவது அதே வாடைக் காலத்தில்தான். ஆகவே பவளப்பாறையும் பூநாரைக் கூட்டமும் ஒரே பயணத்தில் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மார்ச் கடைசியில் போனால் இரண்டிலும் பாதி கிடைக்கலாம். எனக்குப் பாதி பிடிக்காது. நான் கடலையே எடுப்பேன்.

ஆகஸ்ட் வேண்டாம். நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணத்தில் தங்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நாங்கள் முதல் முறை ஒரே அறையில் ஒன்பது பேர் படுத்தோம். சண்டையின் ஒரு பாகம் அது.

2. வான் பேசுவது

நாளொன்றுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று ஒரு தொகை சொல்வார்கள். அதற்கு மேல் ஓடினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக் காசு. முதல் முறை வான்காரர் ஒருவர் (பெயர் வேண்டாம்) தன் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த தூரத்தையும் சேர்த்துக் கணக்குக் காட்டினார். ஏறுவதற்கு முன் மீற்றரைக் கைபேசியில் படம் எடுத்துவையுங்கள், சாரதியின் கண் முன்னாலேயே. சாரதியின் சாப்பாடும் படுக்கையும் யார் பொறுப்பு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

காசுக் கணக்குக்குச் செயலிகள் இருக்கின்றன. என் மச்சான் மூன்றை இறக்கிவைத்திருந்தான். நாற்பது பக்கக் கொப்பி ஒன்று, ஒரு பேனை, கறாரான ஓர் அத்தை. இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. குளிர்பெட்டியும் அப்படித்தான். விலை கூடிய பெட்டிகளைவிட மீன் கொண்டுபோகும் ரெஜிபோம் (தேர்மோகோல்) பெட்டிதான் ஐஸை நன்றாகத் தாங்குகிறது. புதிதாக வாங்குங்கள். பழையதை எத்தனை முறை கழுவினாலும் சோடாவில் சூரை மணக்கும்.

3. புறாத்தீவு

நிலாவெளிக்கு விடியவே போய்விடுங்கள், வார நாளில். 1963இல் சரணாலயமாகி 2003இல் தேசியப் பூங்காவான இடம் இது. நுழைவு டிக்கெட் வனசீவராசிகள் திணைக்களத்தினுடையது; படகுக் கூலி வேறு. படகைத் தலைக்கணக்கில் பேசாமல் முழுப் படகாகப் பேசுங்கள். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் போட்டுத் தலையைக் குனிந்தால் இடுப்பளவு நீரிலேயே மீன்கள் தெரியும். கருந்துடுப்புச் சுறாவைக் கண்டு அலறாதீர்கள். அது உங்களைக் கண்டுதான் ஓடும். பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள். களைத்துவிட்டால் மல்லாந்து மிதவுங்கள்.

குச்சவெளியில் பிட்டும் மீன் சொதியும் சாப்பிட்டோம். அதைத் தவிர அங்கே சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

4. கொக்கிளாய் முகத்துவாரம் (இதைப் படிக்காமல் தாண்ட வேண்டாம்)

வரைபடத்தில் புல்மோட்டையும் கொக்கிளாயும் தொட்டுக்கொண்டு நிற்கும். முதல் முறை அத்தான் விரலை வைத்து, "இதோ புல்மோட்டை, இதோ கொக்கிளாய், அரை மணித்தியாலத்தில் முல்லைத்தீவு" என்றார். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை ஏறக்குறைய 55 கிலோமீற்றர். வழியில் இறக்கக்கண்டிப் பாலத்தையும் மற்றப் பாலங்களையும் கடந்து சுகமாக வந்திருந்தோம். அந்தச் சுகத்தில் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பாதை மணலில் முடிந்தது. முன்னால் கடலும் களப்பும் (காயல்) சேரும் வாய். அக்கரையில் படகுகள், தென்னை, ஆட்கள்கூடத் தெரிந்தார்கள். இக்கரையில் ஒருவர் காற்பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். வானையும், வானுக்குள்ளிருந்த பதினான்கு தலைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"ஐயா, பாலம் எந்தப் பக்கம்?" என்று அத்தான் கேட்டார்.

"அதைத்தான் தம்பி நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்" என்றார் அவர், ஊசியை நிறுத்தாமல்.

நாங்கள் போன இரண்டு முறையும் அங்கே பாலம் இல்லை. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தான் கடந்தோம் என்பதை (வெளியூர்க்காரர்களுக்கு: பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனம் ஏற்றும் மிதவை) எங்கள் வீட்டில் எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் ஓடையைக் கண்டால் பாலம் இருக்கும் என்று நினைக்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஆகவே புல்மோட்டையிலேயே உள்பக்கம் திரும்புங்கள். பதவிசிறிபுர, வெலிஓயா வழியாகக் களப்பைச் சுற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போக வேண்டும். அக்கரை கண்ணுக்குத் தெரிகிறதே என்று தூரத்தை மட்டிட வேண்டாம். முக்கியமானது நேரம்: பகல் இரண்டு மணிக்குள் புல்மோட்டையை விட்டுவிடுங்கள். அது யானைகள் நடமாடும் பகுதி. நாங்கள் முகத்துவாரத்தில் வழக்காடிவிட்டுப் புறப்பட்டபோது ஐந்து மணி. இருட்டில் ஒரு வளைவில் சாரதி விளக்கைத் தணித்து வானை நிறுத்தினார். முன்னால் பாதை நடுவில் ஒரு கறுப்பு, காது மட்டும் அசைந்தது. இருபது நிமிடம் குழந்தைகூட அழவில்லை. அதற்குப் பிறகு அத்தானிடம் வரைபடத்தை யாரும் கொடுப்பதில்லை.

5. முல்லைத்தீவு முதல் ஆனையிறவு

வட்டுவாகல் பாலம் ஒடுங்கியது. எதிரே வாகனம் வந்தால் பொறுத்துப் போங்கள். அங்கிருந்து முள்ளிவாய்க்கால் தாண்டும்வரை வானில் பாட்டை நிறுத்திவிடுவோம். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், நந்திக்கடலைப் பார்த்துக்கொண்டே பெரியம்மா சொல்வார். புதுக்குடியிருப்பில் தேநீர். பரந்தனில் ஏ9 பாதையில் ஏறினால் ஆனையிறவு.

6. முந்திரிகைப் பந்தல்

பாரிசிலிருந்து வந்த சித்தி இதை வைன் தோட்டம் என்று நினைத்துக் கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். இங்கே விளைவது சாப்பிடுகிற பழம். செம்பாட்டு மண்ணில் தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்குமேல் கூரைபோலப் படரவிட்டிருப்பார்கள். குனிந்து உள்ளே போக வேண்டும். கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் விசாரியுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கொடியைக் கத்தரித்தால்தான் அது பூக்கும், காய்க்கும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் கத்தரிக்கிறார்கள். அதனால் ஒரு பந்தலில் குலை தொங்கும்போது பக்கத்து வேலிக்குள் வெறும் தடி மட்டும் நிற்கும். முதல் நாளே யாரையாவது கேட்டுவிட்டுப் போங்கள். தோல் தடிப்பு, விதை உண்டு, இனிப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு; கடையில் கிடைக்கும் இறக்குமதிப் பழத்தைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். புறப்படும் நாள் காலையில் வாங்கி, மட்டைப் பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். பொலித்தீன் பையில் வாங்கிய ஐந்து கிலோ வவுனியா வருவதற்குள் சாறாகி என் மடியில் இறங்கியது.

பிற்சேர்க்கை

வெளிநாட்டு உறவினர்களைப் புறாத்தீவுக்குக் கூட்டிப்போன ஒருவர், டிக்கெட் விலையில் திகைத்துப்போய் எனக்கு எழுதியிருந்தார். வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. இலங்கை அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ இருப்பவர்கள் அதைக் கையில் வைத்திருங்கள், பயணப்பைக்கு அடியில் அல்ல. எங்கள் சித்தி முழுக் கட்டணம் கட்டினார். கொப்பியில் அதை யார் கணக்கில் எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

இன்னொருவர் திரும்பும் வழியில் எங்கே நிற்கலாம் என்று கேட்டார். திருகோணமலைக்குள் நுழைவதற்குச் சற்று முன் கன்னியா இருக்கிறது. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மூன்று நாள் வானில் மடங்கிக் கிடந்த முழங்காலுக்கு அது போதும். முதலில் சூடு குறைந்த கிணற்றில் தொடங்குங்கள், வாளி வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.