டி.பி.என். பையோடு கணக்கு முடிவதில்லை: ஊட்டச்சத்து மருந்தாளுநர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபார்ம்.டி. (மருந்தாளுநர் பட்டப்படிப்பு) முடித்து மருத்துவமனையில் கிளினிக்கல் நியூட்ரிஷன் (நோயாளிகளுக்கான ஊட்டச்சத்து) பக்கம் வருபவர்கள் முதலில் சறுக்கும் இடம், டி.பி.என். (இரத்தக் குழாய் வழியே முழு ஊட்டத்தையும் செலுத்துவது) பையின் லேபிளை மட்டும் பார்த்துக் கலோரி கூட்டுவது. நோயாளியின் உடம்புக்குள் போவது அந்தப் பை மட்டுமல்ல. ஐ.சி.யூ.வில் மயக்கத்துக்காக ஓடும் புரோபோஃபால், 10 சதவீதக் கொழுப்புக் குழம்பில் கரைத்த மருந்து. 1 மி.லி.க்கு 1.1 கிலோ கலோரி. மணிக்கு 15 மி.லி. ஓடினால் ஒரு நாளில் 396 கிலோ கலோரி. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 1,250 கிலோ கலோரி இலக்கு என்றால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கணக்கில் வராமலே உள்ளே போய்விடுகிறது. இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு ஏறிய பிறகு காரணம் தேடுவார்கள். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) டிரிப் 2 லிட்டர் ஓடினால் அதிலும் 340 கிலோ கலோரி இருக்கிறது.

டெக்ஸ்ட்ரோஸுக்குக் கிராமுக்கு 3.4 கிலோ கலோரிதான். சோற்றுக்குப் போடும் 4-ஐ இங்கே போடக் கூடாது. அது ஓடும் வேகத்தையும் பார்க்க வேண்டும். 50 கிலோ நோயாளிக்கு 250 கிராம் 24 மணி நேரத்தில் ஓடினால், கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 3.5 மி.கி. பெரியவர்களுக்கு 5-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். அதே பையை 12 மணி நேரத்தில் ஓட்டினால் வேகம் 7 ஆகிவிடும். பை மாறவில்லை, லேபிள் மாறவில்லை. சர்க்கரை மட்டும் ஏறும்.

உயிருக்கே ஆபத்தான தவறு ரீஃபீடிங்கில், அதாவது பட்டினி கிடந்தவருக்கு மீண்டும் ஊட்டம் தொடங்கும்போது, நடக்கிறது. பத்து நாள் சரியாகச் சாப்பிடாதவர், நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர், வேகமாக எடை குறைந்தவர் ஆகியோருக்கு முதல் நாளே முழுக் கலோரி கொடுத்தால், சுரக்கும் இன்சுலின் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் மூன்றையும் இரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துவிடும். மூச்சுத் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். முதல் நாள் கிலோவுக்கு 10 முதல் 20 கிலோ கலோரி போதும். டெக்ஸ்ட்ரோஸ் ஏறும் முன்பே தயமின் (வைட்டமின் பி1) 100 மி.கி. போயிருக்க வேண்டும். நம் மருத்துவமனைகளில் ‘எலக்ட்ரோலைட்ஸ்’ என்று எழுதினால் பெரும்பாலும் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட்தான் வரும். பாஸ்பரஸையும் மெக்னீசியத்தையும் தனியாகக் கேட்டு எழுத வைக்க வேண்டும். முதல் நாள் சரியாக இருந்தது என்று விட்டுவிடுவதும் தவறு. சரிவு பல நேரம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தெரியும்.

குறைந்த பாஸ்பேட்டைப் பொட்டாசியம் பாஸ்பேட் ஊசியால் நிரப்பும்போது, ஒவ்வொரு மில்லிமோலோடும் சுமார் 1.5 மில்லி ஈக்விவலண்ட் பொட்டாசியமும் சேர்ந்து போகிறது. சிறுநீரகம் பழுதான நோயாளியிடம் இதை மறக்கவே கூடாது.

கலவையில் கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் படிகமாகும். 1994-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. அதன் பின்னணியில் 2 மரணங்கள் இருந்தன. கொழுப்பு சேர்த்த பை பால்போல் வெளுத்திருப்பதால் படிகம் கண்ணுக்குத் தெரியாது. எனவே பாஸ்பேட்டை முதலில் சேருங்கள். நன்றாகக் கலந்தபின் கால்சியத்தைக் கடைசிக் கட்டத்தில் சேருங்கள். கால்சியம் குளோரைடு வேண்டாம், குளுக்கோனேட்தான். 1.2 மைக்ரான் ஃபில்டர் இல்லாமல் அந்தப் பை ஓடக் கூடாது. மேலே மஞ்சள் எண்ணெய் பிரிந்து நின்றால் குலுக்கிப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள்.

டெக்ஸ்ட்ரோஸ், அமினோ அமிலம், கொழுப்பு மூன்றும் தனித்தனி அறைகளில் இருக்கும் மூன்று அறைப் பை வந்தபின் கலக்கும் வேலை குறைந்தது. ஆனால் வழக்கமான மூன்று அறைப் பைகளில் வைட்டமினும் நுண் தாதுக்களும் கிடையாது. தனியாகச் சேர்க்காவிட்டால், தினமும் பை ஏறும் நோயாளி தயமின் இல்லாமல் கிடப்பார்.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே வயிற்றுக்குப் போகும் குழாய்) வழியே மருந்து போகும்போது வேறு வகைத் தவறுகள். பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.எல். என்று வரும், மெதுவாக மருந்தை விடும் மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் இறங்கும். எல்லாப் பொடியையும் ஒன்றாகக் கரைத்தால் குழாய் அடைக்கும். ஒவ்வொன்றையும் தனியாகக் கொடுத்து, இடையில் 15 மி.லி. தண்ணீராவது விட வேண்டும். வலிப்பு மருந்தான ஃபெனிடாயினுக்கு முன்னும் பின்னும் 1 முதல் 2 மணி நேரம் ஃபீட் (குழாய் வழி உணவு) நிற்காவிட்டால் மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்து வலிப்பு திரும்பலாம். வயிற்றுப்போக்கு வந்ததும் ஃபீடைக் குற்றம் சொல்லி நிறுத்துவார்கள். அதற்கு முன் சிரப்புகளில் சார்பிட்டால் (வயிற்றைப் போக வைக்கும் இனிப்புப் பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனையும் தெரிந்தும் கேஸ் ஷீட்டில் ‘கலோரியைக் குறைக்கவும்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. டாக்டர் பையின் வேகத்தைக் குறைப்பார். கூடவே புரதமும் குறைந்துவிடும். எண்ணோடும் மாற்று வழியோடும் எழுத வேண்டும்: ‘புரோபோஃபாலில் 396 கிலோ கலோரி போகிறது. அது நிற்கும்வரை கொழுப்பில்லாத இரண்டு அறைப் பை. புரதம் கிலோவுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல். டிரைகிளிசரைடு நாளை காலை.’ டயட்டீஷியனிடமும் ஸ்டாஃப் நர்ஸிடமும் இதைப் பேசி முடித்த பிறகே அடுத்த படுக்கைக்குப் போங்கள்.