சில நாள் செயலமர்வை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்வது எப்படி?

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை போன்ற நகரங்களில் இளையோருக்கும் பெண்களுக்குமாக நடத்தப்படும் தொழில்முயற்சி, தலைமைத்துவச் செயலமர்வுகள் பெரும்பாலும் சில நாட்களுக்குள் முடிந்துவிடுகின்றன. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் அங்கே வந்து அமர வேண்டுமானால் அத்தனை நாள் பேரையும், அதாவது நாட்சம்பளத்தையும், இழந்துதான் வர வேண்டும். கைக்குழந்தை உள்ள தாயாக இருந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் தேட வேண்டும். இவ்வளவையும் கொடுத்து வருகிறவர் ஒரு சான்றிதழோடும் குழுப் புகைப்படத்தோடும் திரும்பிப் போகக் கூடாது. தன் தொழிலுக்கென்று தானே போட்டுப் பார்த்த ஒரு கணக்கும், ஊருக்குப் போனவுடன் செய்து பார்க்கப்போகும் ஒரு சிறு முயற்சியும் அவர் கையில் இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், இத்தகைய பயிற்சி எதைத் தரும், எதைத் தராது என்பதில் தெளிவு வேண்டும். இலங்கையின் நகர்ப்புறப் பெண்களிடையே சர்வதேச தொழில் அமைப்பின் வணிகப் பயிற்சியைக் கொண்டு நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்கு காட்டுகிறது. ஏற்கெனவே சிறு தொழில் செய்துகொண்டிருந்த பெண்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்தபோது அவர்கள் கணக்கு வைக்கும் முறை ஓரளவு மாறியதே தவிர இலாபம் உயரவில்லை. பயிற்சியோடு பணமும் கொடுத்தபோது இலாபம் உயர்ந்தது, ஆனால் அந்த உயர்வு இரண்டாம் ஆண்டில் மறைந்துவிட்டது. தொழில் தொடங்க விரும்பியும் இன்னும் தொடங்காதிருந்த பெண்களுக்கோ பயிற்சி கூடுதலாகப் பயன்பட்டது. அவர்கள் விரைவாகத் தொடங்கினார்கள், இலாபமும் பார்த்தார்கள். ஆகவே தொழிலின் வாசலில் நிற்பவருக்கே இந்தச் செயலமர்வு அதிகம் உதவும் என்று நான் கருதுகிறேன். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர் பொதுவான அறிவுரைக்காக வராமல், தீர்க்க வேண்டிய ஒரு குறிப்பிட்ட சிக்கலோடு வருவது நல்லது.

எந்தச் செயலமர்வு என்பதும் முக்கியம். ஆபிரிக்காவின் டோகோ நாட்டுத் தலைநகரான லோமேயில் 1,500 சிறு தொழில்முயற்சியாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், கணக்கியலும் சந்தைப்படுத்தலும் கற்பித்த வழக்கமான பயிற்சியால் இலாபத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய மாற்றம் ஏற்படவில்லை. தானாக முன்வருதல், மற்றவரிடமிருந்து வேறுபட்டு யோசித்தல், தடை வந்தபோதும் விடாமல் தொடர்தல் ஆகியவற்றைப் பழக்கிய பயிற்சியோ இலாபத்தைச் சுமார் 30 சதவீதம் உயர்த்தியது. எனவே விண்ணப்பிக்கும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: பங்குபற்றுநர்கள் தாங்களே எழுதி, பேசி, விற்றுப் பார்க்கும் நேரம் எவ்வளவு? முடிந்த பின்னர் பயிற்சி தரும் வளவாளர் யாராவது தொடர்பில் இருப்பாரா? கையேடும் பேச்சும் தமிழில் இருக்குமா? மூன்றாவது கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பாதி புரியும் மொழியில் இலாப நட்டக் கணக்கைக் கற்றுக்கொள்வது பயன் தராது. தமிழில் கேட்பது உங்கள் உரிமையும் கூட.

போவதற்கு முந்திய இரண்டு வாரங்களில் ஒரு கொப்பி வைத்துக்கொண்டு தோட்டப் பிரிவான உங்கள் டிவிஷனிலும் பக்கத்து நகரத்திலும் விசாரியுங்கள். லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், உள்ளவர்கள் எதை வாங்க டவுனுக்குப் போகிறார்கள், போய்வர பஸ்ஸுக்கு எவ்வளவு, எந்தப் பொருள் கடைகளில் அடிக்கடி முடிந்துவிடுகிறது, அது எங்கிருந்து வருகிறது என்பவற்றை எழுதுங்கள். நம் பக்கத்தில் தொழில் என்றவுடன் சில்லறைக் கடை, முச்சக்கரவண்டி, தையல் என்றே மனம் போகிறது. அவற்றில் குறையில்லை, ஆனால் ஒரே டிவிஷனில் மூன்றாவது சில்லறைக் கடை திறந்தால் அதே சம்பளப் பணத்தைத்தான் மூவரும் பங்கிட வேண்டும். அதைவிட, அந்தப் பணத்தை மட்டுமே நம்பியிராத தொழில்களை நான் விரும்புவேன்: எல்ல நகருக்கும் நுவரெலியாவுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பியவை, நகர உணவகங்களுக்குக் காளான் அல்லது கீரை கொடுப்பவை, கொழும்பிலுள்ள நம் உறவினர்களுக்குத் தின்பண்டம் அனுப்புபவை.

கடன் கொப்பி இங்கே தனியாகச் சொல்ல வேண்டிய விடயம். தோட்டத்துக் கடை என்றால் சம்பள நாள் வரை கடன் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் ஆள் வராது, கொடுத்தால் மறுபடி சரக்கு வாங்கக் கையில் காசு இராது. சொந்தக்காரரிடமும் சக தொழிலாளியிடமும் கடனைக் கேட்டு வாங்குவது எவ்வளவு சங்கடம் என்பது எல்லோருக்கும் தெரியும். கொழும்பிலிருந்து வரும் வளவாளருக்கு இந்தச் சிக்கலின் ஆழம் தெரியாதிருக்கலாம். ஆகவே நீங்களே எழுந்து சொல்லுங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு கடன், முந்திய பாக்கி தீராமல் புதிய கடன் உண்டா இல்லையா, மொத்த மூலதனத்தில் எவ்வளவு வரை வெளியே நிற்கலாம் என்று குழுவாக இருந்து விதி வகுத்து, மறுக்கும் வார்த்தைகளையும் ஒருவரோடொருவர் பேசிப் பழகுங்கள். முகம் முறியாமல் ‘இல்லை’ சொல்லும் பயிற்சி தலைமைத்துவத்திலும் சேர்ந்ததுதான்.

கணக்குப் போடும் அமர்வில் வளவாளரின் உதாரணத்தோடு நின்றுவிடாமல் உங்கள் பொருளையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் 50 பக்கெட் மிக்சர் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாமான் 4,000 ரூபா, எரிவாயுவும் பக்கெட்டும் 1,000 ரூபா, போக்குவரத்து 500 ரூபா. பக்கெட் 150 ரூபாவென விற்றால் 7,500 ரூபா வரும். பார்வைக்கு 2,000 ரூபா இலாபம். உங்கள் ஒரு நாள் உழைப்புக்கு 1,500 ரூபா எழுதினால் மிஞ்சுவது 500 ரூபாதான். பத்துப் பக்கெட் விற்காமல் திரும்பினால் 1,000 ரூபா நட்டம். நம் பெண்கள் தொடங்கும் பல வீட்டுத் தொழில்களில் உழைப்புக்குக் கூலி எழுதப்படுவதே இல்லை. அதனால் நட்டத்தில் ஓடும் தொழிலும் இலாபத்தில் ஓடுவதாகத் தோன்றுகிறது. செயலமர்வில் இந்த ஒரு கணக்கை மட்டும் நேர்மையாகப் போட்டு முடித்தாலும் வந்த நாட்கள் வீணாகவில்லை என்பேன்.

இடையில் விளையாட்டுகளும் இருக்கும். அவற்றைப் பொழுதுபோக்காக நினைத்து ஒதுங்கி நிற்க வேண்டாம். கம்பத்தில் வளையம் எறியும் விளையாட்டு, அமெரிக்க உளவியலாளர் டேவிட் மக்லெலண்டின் சாதனை ஊக்கம் பற்றிய ஆய்வுகளோடு தொடர்புடையது; 1960களில் ஆந்திரத்தின் காக்கிநாடா நகர வணிகர்களுக்கு அவர் பயிற்சி அளித்தபோது, பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சுறுசுறுப்பாகத் தொழிலை விரிவாக்கியது காணப்பட்டது. கம்பத்துக்கு மிக அருகில் நின்றால் வெற்றி நிச்சயம், ஆனால் அதில் திறமை இல்லை. மிகத் தூரத்தில் நின்றால் எல்லாம் அதிர்ஷ்டம். முயன்றால் எட்டக்கூடிய தூரத்தைத் தெரிந்தெடுத்து, ஒவ்வோர் எறிக்கும் பின்னர் அந்தத் தூரத்தைத் திருத்துகிறீர்களா என்பதே இதில் கவனிக்க வேண்டியது. மிக்சரை 50 பக்கெட்டில் தொடங்குவதா 500இல் தொடங்குவதா என்று தீர்மானிக்கும்போது இது உதவும்.

தலைமைத்துவ அமர்வில் நம்மவர்கள் பலர், குறிப்பாகப் பெண்கள், ‘எனக்கு அனுபவம் இல்லை’ என்று பின்வரிசையில் அமர்ந்துவிடுகிறார்கள். அது உண்மையல்ல. மாரியம்மன் திருவிழாவுக்கு வீடு வீடாகப் பணம் சேர்த்து, வரவு செலவை ஊர் முன் வாசித்தவர், மரண உதவிச் சங்கத்தை நடத்துகிறவர், பிணக்கில்லாமல் சீட்டுப் பிடிக்கிறவர் ஆகியோர் எல்லோரும் தலைமை தாங்கிப் பழகியவர்களே. அந்த அனுபவத்தை அமர்வில் எடுத்துச் சொல்லுங்கள். எந்த இடத்தில் தகராறு வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று விவரியுங்கள். பேச வாய்ப்புக் கிடைத்தால் தோட்ட முகாமையாளரான துரையிடம் இடம் கேட்பது, வங்கி முகாமையாளரிடம் திட்டத்தை விளக்குவது ஆகிய இரண்டையும் நடித்துப் பாருங்கள். நடைமுறையில் நாம் தயங்கி நிற்கும் வாசல்கள் அவைதான்.

முடிந்து வந்த முதல் வாரத்திலேயே சிறிய அளவில் செய்து, உறவினர் அல்லாதவருக்கு விற்றுப் பாருங்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த இருவர் மூவரோடு சேர்ந்து, மாதம் ஒருமுறை கணக்குக் கொப்பிகளை மாற்றிப் பார்த்துக்கொள்வதாகப் பேசிவையுங்கள். வியாபாரம் நிலைத்தால் பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிவு செய்யலாம். அதற்குக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் தொழில் நடக்கும் இடத்துக்கான ஆவணமும் கேட்கப்படும். லயத்து அறை தோட்டத்துக்குரியது என்பதால் நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியை முன்கூட்டியே கேட்டு வைப்பது அலைச்சலைக் குறைக்கும். உணவுப் பொருளானால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அவர் தேடி வரும்வரை காத்திராமல் நீங்களே போய்ச் சந்தியுங்கள். ஒருவரை வேலைக்கு அமர்த்தினால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்காக 12 சதவீதமும் அவர் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு உங்கள் பங்காக 3 சதவீதமும் செலுத்த வேண்டும். உங்கள் பங்கான அந்த 15 சதவீதத்தை, ஆள் எடுப்பதற்கு முன்பே விலைக் கணக்கில் சேர்த்து எழுதிவிடுங்கள்.