எருமைக்கு வயிறு உப்பினால்: மருந்துக்கு முன் இடது பக்கத்தில் கை வையுங்கள்

பர்மாவில் பெகு, சிரியம் பக்கம் வயல் வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு இன்றும் எருமைதான் உழவுக்குத் துணை. மே மாதக் கடைசியில் மழை பிடித்து வரப்பில் இளம்புல் தலைகாட்டியதும் வயிற்று உப்புசமும் வந்துவிடும். மாடு தவிப்பதைப் பார்த்ததும் கையில் கிடைத்ததை வாயில் ஊற்றுகிறோம். அது மாட்டுக்கு ஆபத்து. என்ன கோளாறு என்று தெரிந்த பிறகுதான் மருந்து.

1. என்ன தின்றது?
பாதி விடை இங்கேயே கிடைத்துவிடும். மழைக்குப் பின் இளம்புல்லா, கொடிப்பயிறா? அறுவடைக் களத்தில் நெல்லோ தவிடோ அளவுக்கு மீறித் தின்றதா? ஏப்ரல் வெயிலில் தண்ணீர் குறைந்து, வெறும் வைக்கோலா? அசை போடுகிறதா, சாணம் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

2. கை வைத்துப் பாருங்கள்
இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் முஷ்டியை அழுத்தி, அசையாமல் நில்லுங்கள். நலமான மாட்டில் பெருவயிறு உள்ளே புரண்டு, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை உங்கள் கையை மெல்ல வெளியே தள்ளும். மாடு நன்றாக இருக்கும்போதே தினமும் இப்படிப் பழகிக்கொள்ளுங்கள். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

பள்ளம் மேடாகி, தட்டினால் மத்தளம் போல ஒலித்தால் உப்புசம். விரலால் அழுத்திய குழி அப்படியே நின்று, சாணமும் இறுகிப்போயிருந்தால் தீனி கட்டிக்கொண்டிருக்கிறது. வயிறு தளதளத்து, சாணம் நீர்த்துப் புளித்த வாடை அடித்து, நடை தள்ளாடினால் தானியம் புளித்திருக்கிறது.

3. முதலுதவி
உப்புசம் என்றால் முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். வாயில் குறுக்காக ஒரு குச்சியைக் கட்டினால் மென்றுகொண்டே இருக்கும். உமிழ்நீர் ஊறி ஏப்பம் வரும். இளம்புல்லால் வந்த நுரை உப்புசத்துக்கு வளர்ந்த மாட்டுக்கு 300 முதல் 500 மில்லி கடலை எண்ணெய் கொடுக்கலாம். எண்ணெய் நுரையை உடைக்கும்.

ஊற்றும் விதம் முக்கியம். மருந்து புகட்டும் மூங்கில் குழாயை வாயின் ஓரத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தலையை அண்ணாந்து தூக்காதீர்கள், நாக்கை இழுத்துப் பிடிக்காதீர்கள், இருமினால் உடனே நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கடினம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

தீனி கட்டியிருந்தால் நிறையத் தண்ணீர் காட்டி, மெதுவாக நடக்க விடுங்கள். தானியம் தின்ற மாட்டுக்கு எண்ணெய் உதவாது. மிச்சத் தானியத்தை அப்புறப்படுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வரும்வரை 100 கிராம் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

4. காத்திருக்கக் கூடாத நேரம்
நாக்கை நீட்டி மூச்சு வாங்கினால், படுப்பதும் எழுவதுமாகத் தவித்தால், வலது பக்கமும் உப்பத் தொடங்கினால் மருத்துவர் உடனே வந்தாக வேண்டும். காற்றை இறக்க அவரிடம் குழாய் உண்டு. வீட்டுக் கத்தியால் குத்தாதீர்கள். சிறு துளை வழியே நுரை வெளியேறாது, வயிற்றுக்குள் சீழ்தான் பிடிக்கும்.

உப்புசம் அடிக்கடி திரும்பி வந்து, முழங்கையை விரித்து நின்று முனகினால் ஆணியோ கம்பியோ விழுங்கியிருக்கலாம். அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

மழைக்காலம் முழுதும் காலையில் முதலில் வைக்கோல் போட்டு, பசி அடங்கிய பிறகே புல்லில் விடுங்கள். தவிட்டுப் பானையையும் நெல் மூட்டையையும் கயிறு எட்டாத தூரத்தில் வையுங்கள்.