சாரல் ஊர்களில் மாடல் செய்யும் பொருள்களை அடுக்கிக் காக்கும் முறை

செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் பக்கத்திலும், மலையைத் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் வரையிலும் ரயில், விமானம், படகு போன்றவற்றின் சிறு மாதிரிகளை, அதாவது மாடல்களைச் செய்யும் ஆர்வலர்கள் பலரை ஈர்ப்பது அந்த மலை ரயில் பாதைதான். 1904-இல் திறக்கப்பட்ட கொல்லம் – செங்கோட்டை மீட்டர் பாதையும், தென்மலைக்கு அருகில் நிற்கும் 13 கண் பாலமும், 2018-இல் நிறைவு பெற்ற அகலப் பாதையும் ஒரு மேசைக்குள் வடிக்கத் தக்க அழகு உடையவை. ஆனால் அந்த அழகுக்குக் காரணமான சாரலே நம் பொருள்களுக்கு முதல் எதிரி. ஆகவே இந்தப் பகுதியில் எதை எங்கே வைப்பது என்பதை ஈரத்தைக் கணக்கில் கொண்டு முதலில் முடிவு செய்ய வேண்டும். கைக்கு எட்டும் வசதி, பார்வைக்கு அழகு ஆகியவை அதற்குப் பிறகே.

ஆனி பிறந்ததும் மேற்கிலிருந்து கணவாய் வழியாக வரும் காற்று சாரலை வீட்டின் மேற்குச் சுவரில் அறைந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவர் உட்புறம் தொட்டால் சில்லென்று இருப்பதை இங்கு வாழ்பவர்கள் அறிவார்கள். எனவே அலமாரியையோ ஆங்கிள் ரேக்கையோ மேற்குச் சுவரில் சாய்க்காமல், வீட்டின் உள்சுவர் ஒன்றை, முடிந்தால் அடுப்படியை ஒட்டிய சுவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவருக்கும் ரேக்குக்கும் இடையே ஒரு சாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல் இடைவெளியாவது விட்டு, கடைசித் தட்டைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்திக்கொண்டால் காற்றோட்டமும் கிடைக்கும், கறையான் ஏறுவதும் உடனே கண்ணில் படும். பரணும் தகரக் கூரை போட்ட மாடி அறையும் ஈரமற்றவை போலத் தோன்றினாலும் பங்குனி, சித்திரை வெயிலில் பசைகளையும் வண்ணங்களையும் விரைவில் கெடுத்துவிடும். அங்கே காலி அட்டைப் பெட்டிகளைத் தவிர வேறெதையும் வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈரம் மரத்தை என்ன செய்கிறது என்பதை ஓர் எளிய பார்வையில் காணலாம். மாடல் செய்யப் பயன்படும் பால்சா என்னும் மிக இலேசான மரத்தின் ஒன்றரை மில்லிமீட்டர் தகடு ஒன்றை ஆடி மாதத்தில் ஓர் இரவு சன்னல் ஓரத்தில் கிடத்திவிட்டு, காலையில் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் அது நேராகத்தான் இருக்கும். அகலவாக்கிலோ ஓடு போல வளைந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரம் தன் உலர் எடையில் ஏறக்குறைய 12 சதவீத நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஈரப்பதம் 90 சதவீதமாக உயரும்போது அது 20 சதவீதத்தை நெருங்கும். இந்த நீர் மரத்தை நார் ஓடும் திசையில் அநேகமாக நீட்டுவதில்லை, குறுக்குத் திசையில்தான் விரிக்கிறது. மேல்பக்கம் காற்றைக் குடித்து, அடிப்பக்கம் மேசையோடு ஒட்டிக் கிடந்தால் இரு பக்கமும் ஒரே அளவில் விரியாமல் தகடு வளைந்துவிடுகிறது.

ஆகவே பால்சா, மெல்லிய பிளைவுட், அட்டை ஆகிய மூன்றையும் சுவரில் சாய்த்து நிறுத்தக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, அடியிலும் மேலிலும் தடித்த பிளைவுட் பலகை ஒவ்வொன்று கொடுத்து, மேல் பலகையின்மீது கனமாக ஏதேனும் ஏற்றி, ரப்பர் விளிம்புள்ள மூடி கொண்ட பெட்டிக்குள் வைக்க வேண்டும். பெட்டியை எப்போது மூடுகிறோம் என்பது எந்தப் பெட்டியை வாங்குகிறோம் என்பதைவிட முக்கியமானது. சாரல் நாளில் ஈரத்தோடு எடுத்துப் பெட்டியில் அடைத்தால் அந்த ஈரத்தையும் சேர்த்தே பூட்டுகிறோம். பிறகு திறக்கும்போது பூசணம்தான் நம்மை வரவேற்கும். வைகாசி முற்பகுதிக்குள், வெயில் காய்ந்து காற்று வறண்டிருக்கும் ஒரு நாளில், எல்லாவற்றையும் நிழலில் ஆறவிட்டு, அன்று மாலைக்குள் மூடிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னும் இதே வேலையை ஒருமுறை செய்வது நல்லது.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுவது பலரும் அறிந்ததே. கவனிக்க வேண்டியது அதன் நிறம். நீல மணிகள் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு மணிகள் பச்சையாகும். நீல நிறத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப் பொருள் ஆதலால், குழந்தைகள் உள்ள வீட்டில் ஆரஞ்சு மணிகளையே வாங்குங்கள். எந்த நிறமாயினும் சமையல் பாத்திரத்தில் வறுக்காமல், இதற்கென்றே ஒதுக்கிய தட்டில் பரப்பி, 110 டிகிரி செல்சியஸ் அளவில் ஓரிரு மணி நேரம் சூடாக்கினால் மணிகள் பழைய நிறத்துக்குத் திரும்பும். பெட்டி ஒன்றுக்குள் சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றை வைத்துவிட்டால் ஊகத்துக்கு இடமில்லை. 60 சதவீதத்துக்குக் கீழே நிற்கும் வரை கவலையில்லை. 70-ஐத் தாண்டினால் பூசணம் பிடிக்கும் காலம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

எதற்கு அருகில் எதை வைக்கக் கூடாது

ஒரே வகைப் பொருளை ஒரே இடத்தில் வைப்பதைவிட, ஒன்றையொன்று கெடுக்கும் பொருள்களைப் பிரித்து வைப்பதில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பூச்சி வராமலிருக்க அலமாரியில் அந்துருண்டை போடுவது நம் வீடுகளில் வழக்கம். துணிக்கு அது பொருந்தலாம். மாடல் அலமாரிக்கு ஆகவே ஆகாது. நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். பாதிக்கப்பட்ட தகட்டைத் தொட்டால் விரலில் ஒட்டும், தொட்ட இடத்தில் ரேகை பதியும், அதன் பிறகு அந்த மேற்பரப்பு பழைய வழவழப்பைப் பெறாது. பாகங்கள் ஒரு சட்டத்தோடு சேர்த்து வார்க்கப்பட்டு வரும் கிட்டுகளில் பெரும்பாலானவை இதே பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பூச்சிக்கு உலர்ந்த வேப்பிலையும், இறுக மூடும் பெட்டியும், மாதம் ஒரு முறை திறந்து பார்க்கும் பழக்கமும் போதும். அட்டையையும் காகிதத்தையும் இராமபாணப் பூச்சி அரிக்கும். பிளைவுட்டின் அடியில் மாவு போல் மெல்லிய தூள் உதிர்ந்து கிடந்தால் அந்தப் பலகை உளுத்துக்கொண்டிருக்கிறது, தயங்காமல் அறையை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

மென்மையான பிவிசி உறை கொண்ட மின்கம்பிகளும் இதே பிளாஸ்டிக்குக்குப் பகை. அந்த உறையை வளையச் செய்யும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் மெல்ல மெல்லக் கசிந்து, தான் தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீன் தகட்டில் பள்ளம் விழச் செய்யும். கம்பிச் சுருளைத் தனி டப்பாவில் போடுங்கள். தெர்மாகோல் இருக்கும் தட்டில் தின்னரும் உடனொட்டிப் பசையும் வேண்டாம்; ஒரு துளி சிந்தினாலும் குழி விழும்.

உடனொட்டிப் பசைகள், அதாவது ஃபெவிக்விக் வகை, காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகின்றன. எனவே சாரல் ஊரில் அவற்றின் ஆயுள் குறைவு. பிரிக்காத குப்பிகளைக் குளிர்பதனப் பெட்டியில், உணவிலிருந்து தனியே மூடிய டப்பாவில் வைக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்காமல், அறையின் வெப்பத்துக்கு அது வரும்வரை பொறுத்திருக்க வேண்டும், இல்லையேல் உள்ளேயே நீர் வியர்க்கும். பிரித்த குப்பியைச் சிலிக்கா ஜெல்லோடு சிறு டப்பாவில் நிமிர்த்தி வையுங்கள். பசையை விரைந்து இறுகச் செய்யும் திரவத்தை அதே டப்பாவில் வைத்தால் ஆவி பட்டே குப்பி கட்டியாகிவிடும். இரண்டைக் கலந்து பூசும் அரால்டைட் வகைப் பசையின் இரண்டு டியூப்களுக்கும் மூடி மாறிவிடாதபடி மூடியிலும் உடலிலும் ஒரே வண்ணப் புள்ளி இடுவது நல்லது.

எனாமல் வண்ணங்களும் தின்னரும் இரும்புப் பெட்டியில், பூசை விளக்கு, அடுப்பு, இன்வெர்ட்டர் பேட்டரி ஆகிய மூன்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும். மூடும் முன் டின்னின் விளிம்பைத் துடைத்தால் மூடி சரியாக அமரும், மேலே ஆடை படியாது. விமானமோ படகோ செய்பவர்கள் லிப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரிகளை முழுவதும் ஏற்றியும் வைக்கக் கூடாது, முழுவதும் இறக்கியும் வைக்கக் கூடாது. செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைப்பதே முறை.

வடிவத்துக்கு ஏற்ற கலன்

நீளமானவற்றுக்கு பிளம்பிங் கடையில் கிடைக்கும் இரண்டு அங்குல பிவிசி குழாயைவிடச் சிறந்த கலன் இல்லை. இது விறைப்பான வகை என்பதால் மேலே சொன்ன கசிவு இதில் இல்லை. வேண்டிய நீளத்தில் அறுத்து, அடியில் ஒரு எண்ட் கேப்பை ஒட்டி, மேலே ஒன்றை ஒட்டாமல் செருகிவிட்டால் பித்தளைக் கம்பி, மரச் சட்டம், பிளாஸ்டிக் குழல் எல்லாம் நேராக நிற்கும். பித்தளையை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு உள்ளே இடுங்கள், ஏனெனில் கை வியர்வை பட்ட இடத்தில்தான் முதலில் களிம்பு ஏறும். பிளேடு, அரம், சிறு ரம்பம் முதலியவற்றுக்குத் தையல் மிஷின் எண்ணெய் தடவினால் போதும்.

ரயில் மாடல் செய்பவர்களுக்கு இன்னொரு பிரிப்பு வேண்டும். 1:87 அளவில், அதாவது உண்மை அளவை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கும்போது, மீட்டர் பாதையின் தண்டவாள இடைவெளி கணக்குப்படி 11.5 மில்லிமீட்டர் வரும், கடையில் வாங்கும் மாடல் பாதையோ 12 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. நம் அகலப் பாதையான 1676 மில்லிமீட்டர் அதே அளவில் 19.3 ஆகும், ஆனால் பெரும்பாலோர் கையிலிருப்பது 16.5. பழைய நீராவிக் காலத்தையும் இன்றைய காலத்தையும் சேர்த்துச் செய்பவரிடம் இரு வகைத் தண்டவாளமும் சக்கரமும் கலந்துவிட்டால் பிரிக்கவே ஒரு மாலை ஆகும். தொடக்கத்திலேயே பாதைக்கு ஒரு பெட்டி என ஒதுக்குங்கள்.

மலை, காடு, ஆற்றங்கரை அமைக்கும் பொருள்கள் நம் ஊரிலேயே கிடைப்பவை: ஆற்று மணல், மரத்தூள், தேங்காய் நார், காய்ந்த புல் பூ. மணலைக் கழுவி, வெயிலில் காயவைத்து, சலித்து, பருமனுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலாக நிரப்ப வேண்டும். மரத்தூளையும் நாரையும் நன்றாகக் காயவைக்காமல் மூடினால் சாரல் முடிவதற்குள் நாற்றம் எடுக்கும். கண்ணாடி பாட்டிலைத்தான் இவற்றுக்கு விரும்புகிறேன், ஏனெனில் உள்ளே நிறம் மாறுவது வெளியிலிருந்தே தெரியும்.

பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாமல் கலனின் உடலில் ஒட்டுங்கள். மூடிகள் இடம் மாறும். பொருளின் பெயர், பருமன், வாங்கிய மாதம் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பேனா மை ஈரத்தில் கசியும், பென்சில் எழுத்து நிற்கும். செய்யத் தொடங்கிய மாடலுக்குரிய எல்லாவற்றையும், வரைபடம் உட்பட, ஒரே தட்டில் சேர்த்து வைத்து, மற்ற வேலைக்கு அதிலிருந்து எதையும் எடுக்காமல் இருப்பது நல்லது. வெட்டியதில் எஞ்சும் துண்டுகளில் உள்ளங்கையைவிடப் பெரியதை அதே வகைப் பெட்டியில் சேர்க்கலாம், சிறியவற்றை ஒரே டப்பாவில் போட்டு, டப்பா நிரம்பும்போது பாதியைக் கழித்துவிடலாம்.

ஆவணி பாதியில் சாரல் ஓய்ந்ததும் ஒரு வெயில் நாளில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து, ஈரமானியின் எண்ணைக் குறித்து, நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி, பலகைகளின் அடியில் தூள் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, பால்சாவைப் புரட்டி அடுக்கிவிட்டு, மாலைப் பனி இறங்கும் முன் மூடிவிடுங்கள்.