லினக்ஸ் மின்ட் 22: வைஃபை இருந்தும் தளம் எதுவும் திறக்காதபோது

கிளிநொச்சியில் தங்கச்சியின் பழைய லப்டொப்பில் லினக்ஸ் மின்ட் 22 இயங்குதளத்தை நிறுவ முன்னர் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வைஃபை உடனே பிடித்தது, இணைப்பைச் சோதிக்கும் பிங்கும் போனது, ஆனால் பயர்ஃபாக்ஸில் எதைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் கட்டளையைக் கொடுத்தால், அந்தப் பட்டியலின் ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று நின்றுவிடும். இறக்கிய ஐஎஸ்ஓ ஃபைல் பழுதில்லை என்று காட்டும் செக்சமும் சரி. பென் டிரைவை மாற்றி, தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் மாற்றி, மென்பொருள் இறக்கும் சேர்வரான மிரரும் மாற்றி, நாட்கள் வீணானதுதான் மிச்சம்.

அப்புறம்தான் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தேன். சில மாதங்கள்தான் பிந்தியிருந்தது, அதனால் கண்ணில் படவே இல்லை. கணினி தொடங்கும்போது வரும் பயோஸ் அமைப்புக்குள் போனால் 2010! மதர்போர்டில் இருக்கும் சின்னப் பற்றரி செத்துவிட்டது, பெரிய பற்றரியும் இல்லை, ஆகவே கரண்ட் நிற்கும்போதெல்லாம் (இங்கே அதற்குக் குறைவில்லை) மணிக்கூடு பழைய ஆண்டுக்கே திரும்பிவிடுகிறது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி என்ற நிரலோ, அது உருவாக்கப்பட்ட நாளுக்கு முந்திய திகதியை ஏற்காமல் மணிக்கூட்டை அந்த நாளுக்கே கொண்டுவந்துவிடும். பாதி சரியான அந்தத் திகதிதான் ஏமாற்றியது. தளங்கள் தங்களை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்களில், அந்தத் திகதிக்குப் பிறகு வழங்கிய எதையும் பயர்ஃபாக்ஸ் நம்பாது.

இணைய நேரத்தோடு தானாக ஒத்துப்போகவும் இல்லை, ஏன் என்று தோண்டவில்லை. டேர்மினலில் சூடோ டேட் கட்டளையால் சரியான திகதியைக் கொடுத்ததும் எல்லாத் தளமும் திறந்தது. மணிக்கூட்டுக் கடையில் சீஆர் 2032 பற்றரி ஒன்று வாங்கிப் போட்டேன், பயோஸிலும் நேரத்தைத் திருத்தினேன், பிறகு நிறுவினேன்.