'வேகபாண்ட்' 37 பாகங்களையும் தடுமாறாமல் வாசிக்க

தகேஹிகோ இனோவே வரைந்த 'வேகபாண்ட்', வாள்வீரன் முசாஷியின் கதையைச் சொல்லும் ஜப்பானியப் படக்கதை (மாங்கா). 1998ல் தொடங்கியது. 37 பாகங்கள், 327 அத்தியாயங்கள் வந்தபின் 2015ல் நின்றது, நின்ற இடத்திலேயே இருக்கிறது. இது தெரிந்தே முதல் பாகத்தைக் கையில் எடுங்கள். முடியாத கதை என்பதற்காக ஒதுக்க வேண்டாம். இத்தனை உயிரோட்டமான வாள்சண்டையைத் தாளில் வேறெங்கும் பார்ப்பது கடினம். ரத்தமும் வெட்டும் நிறைய, பெரியவர்களுக்கான புத்தகம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மேல் அலமாரியில் வையுங்கள்.

முதலில் பதிப்பு விவகாரம். ஆங்கிலத்தில் தனிப்பாகங்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 200 பக்கம். மூன்று பாகங்களை ஒன்றாகக் கட்டிய 'விஸ்பிக்' பதிப்பும் உண்டு. அது 12 புத்தகங்கள், 36ஆம் பாகத்தோடு சரி. 37ஐத் தனியாகத்தான் தேட வேண்டும். பலர் வழுக்குவது இங்கேதான்: விஸ்பிக் 4ஐ முடித்துவிட்டு, நூலக அடுக்கில் '5' என்று இருக்கும் தனிப்பாகத்தை எடுத்துவருவார்கள். அது விஸ்பிக் 2லேயே படித்த கதை. தடித்த புத்தகத்தின் எண்ணை மூன்றால் பெருக்குங்கள், அதிலிருக்கும் கடைசிப் பாகம் வந்துவிடும். நான்கு என்றால் 12. அடுத்து எடுக்க வேண்டியது 13.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தில் இரவல் 21 நாள். எல்லாப் பாகமும் ஒரே கிளையில் இருக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். எந்தக் கிளையில் எது இருக்கிறது என்று செயலியில் பார்த்துவிட்டுப் போங்கள். கதையை நான்கு மூச்சாகப் பிரித்துக்கொள்வது நல்லது: 1–13, 14–20, 21–27, 28–37. ஒரு மூச்சுக்குரிய பாகங்கள் எல்லாம் கைக்கு வந்தபிறகு தொடங்குங்கள். குறிப்பாக 26, 27 இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். யோஷியோகா வாள்பள்ளியின் 70 பேரை முசாஷி தனியாளாக எதிர்கொள்ளும் சண்டை அது, நடுவில் இரண்டு வாரம் காத்திருந்தால் சூடு ஆறிவிடும். விட்டுப்போன ஒற்றைப் பாகத்துக்கு நீ ஆன் சிட்டி கினோகுனியா, பழைய பிரதி என்றால் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடைகள்.

வாசிப்பது வலமிருந்து இடம். பேச்சுக் குமிழ்களும் அப்படியே. பக்கத்தின் வலப்பக்கம் இரண்டு சிறு கட்டங்கள் மேலும் கீழுமாக இருந்து, இடப்பக்கம் ஒரே நெடுங்கட்டம் நின்றால், சிறியவை இரண்டையும் முடித்துவிட்டு நெடியதற்குப் போங்கள். மாற்றிப் படித்தால் அடி விழுந்த பிறகு வாள் உருவுவதாகத் தெரியும். கைப்பேசியில் இரட்டைப் பக்க ஓவியம் பாதியாக வெட்டுப்படும், குறுக்காகத் திருப்பிப் பாருங்கள்.

பெயர்களுக்கு ஓர் அட்டை வேண்டும். பக்க அடையாளமாகச் செருகும் அட்டையே போதும். ஜப்பானியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். நாயகன் பிறப்பால் ஷின்மென் தகேசோ. 'மியாமோதோ' அவன் ஊர்ப்பெயர். நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஊரை வைப்பதுபோலத்தான். தகேசோவும் முசாஷியும் எழுத்தில் ஒன்றே. அதே இரண்டு எழுத்துகளை வேறு விதமாக ஒலித்தால் பெயர் மாறிவிடுகிறது. துறவி தகுவான் அவனுக்குக் கொடுப்பது புதிய எழுத்து அல்ல, புதிய ஒலி.

அட்டையில் முசாஷி சந்திக்கும் பள்ளிகளையும் ஆட்களையும் இப்படி எழுதுங்கள்: யோஷியோகா – கியோத்தோ, அண்ணன் செய்ஜூரோ, தம்பி தென்ஷிசிரோ. ஹோசோயின் – நாரா, ஈட்டி, மூத்தவர் இன்ஏய், இளையவர் இன்ஷுன். யாக்யூ – முதியவர் செகிஷூசாய். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'மதாஹாச்சி = பொய் கொஜிரோ'. முசாஷியின் பால்ய நண்பன் மதாஹாச்சி, சசாகி கொஜிரோ என்று பெயர் சொல்லிக்கொண்டு திரிவான். இதைக் குறித்துவைக்காதவர்கள் உண்மையான கொஜிரோ வரும்போது குழம்பிப்போவார்கள்.

அந்த இடம்தான் 14ஆம் பாகம். பலர் புத்தகத்தை மூடிவைப்பதும் அங்கேதான். முசாஷியைக் காணோம், கதை பல ஆண்டு பின்னால் போகிறது, கடற்கரையில் ஒரு கிழட்டு வாள்வீரர் கைக்குழந்தையோடு நிற்கிறார். தவறான புத்தகம் எடுத்துவிட்டோமோ என்று தோன்றும். இல்லை. காது கேளாத அந்தப் பிள்ளைதான் கொஜிரோ. 20 வரை பொறுமையாகப் போங்கள். இந்த ஏழு பாகங்களைத் தாண்டிக் குதித்தால் பின்னால் இருவரும் எதிரெதிரே நிற்கும்போது உங்களுக்கு ஒன்றும் உறைக்காது.

பேச்சு குறைவாக இருப்பதால் ஒரு பாகம் ஒரு மணி நேரத்தில் ஓடிவிடும். ஓடவிடாதீர்கள். ஒரு சொல்லும் இல்லாத பக்கம் வந்தால் முதலில் கால்களைப் பாருங்கள், எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரியும். பிறகு கைப்பிடியில் விரல்கள், கடைசியாகக் கண்கள். யார் வெட்டப்போகிறார்கள் என்பதை இனோவே கால்களிலேயே சொல்லிவிடுவார். பிற்பாகங்களில் தூரிகைக் கோடுகள் மிகுதி, வெளிச்சம் நன்றாக இருக்கும் இடத்தில் படியுங்கள். முசாஷி நிலத்தை உழுது நெல் விளைக்கப் பாடுபடும் பாகங்களை மந்தம் என்று புரட்டிவிட வேண்டாம். வாளைப் பிடித்த கை மண்வெட்டியில் தோற்றுப் போய்க் கற்கும் இடம் அது.

தடித்த பதிப்பை வாங்கிய கையோடு அகலத் திறந்தால் முதுகு பிளந்து தாள் கழன்றுவிடும். முதுகை மேசையில் நிறுத்தி, இரு அட்டைகளையும் மெல்லச் சாய்த்து, முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறி விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்தால் இரட்டைப் பக்க ஓவியமும் மடிப்புக்குள் அவ்வளவாக ஒளியாது. நம் ஈரக்காற்றில் தாள் நெளியும், பழுப்புப் புள்ளி விழும். வீவக அடுக்குமாடி வீட்டில் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அவ்வப்போது மாற்றுங்கள். எம்ஆர்டி ரயிலில் படிக்க எடுத்துப்போனால் ஜிப் பை கட்டாயம், மழை சொல்லிக்கொண்டு வராது.

37ஐ மூடும்போது, முசாஷிக்கும் கொஜிரோவுக்கும் 1612ல் நடந்ததாகச் சொல்லப்படும் தீவுச் சண்டை இன்னும் வந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்ள மூலமான எய்ஜி யோஷிகாவாவின் 'முசாஷி' நாவலுக்குப் போகலாம், 1935 முதல் 1939 வரை நாளிதழில் வந்தது. அதில் கொஜிரோவுக்குக் காது கேட்கும், வாயும் அதிகம். காது கேளாத கொஜிரோ இனோவே உருவாக்கியவர்.