கண்ணாடிக் கூரை முற்றமும் சித்திரை வெயிலும்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை. சித்திரை மத்தியானத்திலும் அங்கே உட்கார முடிகிறது என்றால், நிழலைக் கண்ணாடிக்கு வெளியே போட்டதுதான் காரணம். உள்ளே திரை கட்டினால் கண் கூசாது, அவ்வளவுதான். வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்து திரையைச் சுடும். அந்தச் சூடு வீட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

நர்சரியில் கட்டும் பச்சை வலை போதும், 75 சதவீத நிழல் தருவதாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி மேல் படும்படி விரிக்க வேண்டாம். இரும்புச் சட்டம் வைத்து, ஒரு சாண் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். இடையில் காற்று ஓட வேண்டும். வலையின் ஓரத்தை இரண்டாக மடித்து, வளையம் அடித்துக் கயிறு கோக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆடிக் காற்றில் கிழிந்துவிடும்.

அப்புறம், சூடான காற்று வெளியேற வழி. சுவரின் உச்சியில் காற்றுப் போக ஓட்டைகள் வைத்த ஜாலியோ எக்ஸாஸ்ட் ஃபேனோ கட்டாயம் வேண்டும். கீழே நிழல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் காற்றை இழுக்கும். ராத்திரி எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

கொதிக்கும் கண்ணாடியில் தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம். கழுவுவதெல்லாம் விடியற்காலையில். சன் ஃபிலிம் ஒட்டுவதானால் கண்ணாடி போட்டவரிடம் கேட்டுவிட்டு ஒட்டுங்கள். ஃபிலிம் ஒட்டினால் கண்ணாடியே கூடுதலாகச் சூடேறும், சில கண்ணாடிகள் அந்தச் சூட்டைத் தாங்காது.